பெருங்குடல் புண் அழற்சியின் எதிர்ப்பொருள் குறிப்பான்கள்

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சியை இனங்காண உதவும் இரத்த எதிர்ப்பொருள்கள். அவற்றில் பெயர்பெற்றது, நியூட்ரோஃபில் வெள்ளணுக்களைப் பற்றும் பி-ஆன்கா.

இத்துறை சுவீடனில் தொடங்கியது. இந்நோய் கண்ட குழந்தைகளின் சீரம் மனிதப் பெருங்குடல் திசுச் சாற்றுடன் வினைபுரிவதை ஓவே புரோபெர்கரும் பீட்டர் பெர்ல்மனும் 1959இல் காட்டினர். உடல் தன் குடலையே பகையாகக் கொள்கிறது என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. ஆனால் குடல் பாக்டீரியாக்கள் நிறைந்த இடம். சாற்றில் கலந்திருந்த அவற்றோடுதான் சீரம் வினைபுரிந்ததோ என்ற ஐயம் எழுவது இயல்பு. அதைத் தீர்க்கப் பெர்ல்மன் குழுவினர் கிருமியே அண்டாமல் வளர்த்த எலிகளின் பெருங்குடலை எடுத்துச் சோதித்தனர். அப்போதும் வினை நிகழ்ந்தது. இத்துறையின் மிக அழகிய சோதனை இதுவே. ஈ.கோலை ஓ14 வகையின் ஆன்டிஜெனும் குடலின் ஆன்டிஜெனை ஒத்திருப்பதை அவர்கள் 1967இல் கண்டனர். கிருமியை எதிர்க்கப் பிறந்த எதிர்ப்பொருள் குடலையும் தாக்குகிறது என்ற விளக்கத்துக்கு அடிப்படை இதுதான்.

ஆய்வகச் சோதனையாக நிலைத்தது பி-ஆன்கா. குடல் அழற்சி நோயாளிகளிடம் அதன் தனி வகை ஒன்று காணப்படுவது 1990இல் வெளியானது. எத்தனாலில் பதப்படுத்திய நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள்மீது சீரத்தை இட்டு ஒளிர்சாயம் ஏற்றினால், உட்கருவைச் சுற்றி வளையம் ஒளிரும். இரத்தக்குழாய் அழற்சியில் தோன்றும் பி-ஆன்கா பெரும்பாலும் மையலோபெராக்சிடேஸைப் பற்றும். குடல் அழற்சியில் காணப்படும் வகை பொதுவாக அதைப் பற்றுவதில்லை.

நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிக்குச் சற்று மேற்பட்டோரிடமே பி-ஆன்கா தென்படுகிறது. ஆகவே, இல்லை என்று அறிக்கை வந்தாலும் நோய் இல்லை என்றாகாது. ஈஸ்டுக்கு எதிரான எதிர்ப்பொருளான ஆஸ்கா, மற்றொரு குடல் அழற்சி நோயான கிரோன் நோயில் மிகுதி. எனவே பி-ஆன்கா இருந்து ஆஸ்கா இல்லையெனில் புண் அழற்சி என்ற ஐயம் வலுக்கும். ஆயினும் பெருங்குடலை மட்டும் பற்றிய கிரோன் நோயிலும் பி-ஆன்கா வரும். இரண்டையும் பிரித்தறியத் திணறும் இடத்தில்தான் சோதனை கைவிடுகிறது. முடிவு சொல்வது கொலோனோஸ்கோபியும் திசுச் சோதனையுமே.

நோயின் போக்கைக் கண்காணிக்க பி-ஆன்கா உதவாது. அதன் அளவு நோயின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போவதில்லை. பெருங்குடலை அகற்றிய பின்னும் பலரிடம் நீடிக்கிறது. நோயின் போக்கைக் கண்காணிக்க மலத்தில் கால்ப்ரொடெக்டின் அளவும் இரத்தத்தில் சி.ஆர்.பி. அளவும் பார்க்கப்படுகின்றன.

பி-ஆன்காவைத் தவிர வேறு குறிப்பானும் உண்டு: 2021இல் கியோட்டோ ஆய்வாளர்கள் இன்டெக்ரின் ஆல்ஃபா-வி பீட்டா-6 புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளை 112 புண் அழற்சி நோயாளிகளில் 103 பேரிடம் கண்டனர்.