முருகன்களும் செல்விகளும்: வாக்காளர் பட்டியல் அறிக்கைகளில் பொருத்த விதியின் இடம்

வாக்காளர் பட்டியலின் ஒரு பக்கத்தில் 30 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் வரிசை எண், அடையாள அட்டை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். பொதுமக்களுக்குக் கிடைக்கும் படியில் புகைப்படம் இருக்காது. படம் உள்ளது என்ற குறிப்பு மட்டும் இருக்கும். பிறந்த தேதியும் இல்லை. வயது என்பது தகுதி நாளன்று நிறைந்த ஆண்டுக் கணக்கு, அவ்வளவுதான். இந்த ஏழு விவரங்களையும் கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸிலோ பவர் பிஐயிலோ ஏற்றி, அதுவும் இல்லையென்றால் எக்செலில் ஒரு பிவட் டேபிள் போட்டு, ‘இத்தொகுதியில் இரட்டைப் பதிவுகள் இத்தனை ஆயிரம்’ என்று அரை மணி நேரத்தில் ஓர் எண்ணை எடுத்துவிடலாம். மறுநாள் அந்த எண் மேடையேறும். அதற்கடுத்த நாள் மறுப்பறிக்கை வரும். இரு தரப்பும் பட்டியலைப் பற்றித்தான் பேசுவதாக நினைக்கின்றன. ஆனால் அந்த எண்ணின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது பட்டியலன்று. எந்தெந்த விவரம் ஒத்திருந்தால் இரு பதிவுகளை ஒருவராகக் கொள்வது என்ற பொருத்த விதி. அவ்விதியைச் சொல்லாத அறிக்கையைச் சான்றாக ஏற்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில், தரவு வெளியே வரும் வழியைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் பட்டியல் பொதுவெளிக்கு வருவது பெரும்பாலும் படவடிவ பிடிஎஃப் கோப்பாக. தேடக்கூடிய எழுத்துவடிவில் தர வேண்டும் என்று காங்கிரஸ் தலைவர் கமல்நாத் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தள்ளுபடி செய்தது. வேண்டுமானால் மனுதாரரே தம் முயற்சியில் மாற்றிக்கொள்ளலாம் என்றது. அந்த ‘முயற்சி’ தமிழில் எப்படிப்பட்டது என்பதை, பட்டியலின் ஒரு பாகத்தை எழுத்துணரி மென்பொருளில் ஓட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள். மங்கலான படத்தில் ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரியாது. எழுத்துவடிவக் கோப்பே கையில் கிடைத்தாலும் சிக்கல் தீராது. ‘கோபால்’ என்பதன் ‘கோ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், இரட்டைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒரே கோபால். சீர்மைப்படுத்தாமல் பெயர்வாரியாகத் தொகுக்கச் சொன்னால் மென்பொருள் இரண்டு கோபால்களை எண்ணிக் கொடுக்கும். இத்தகைய பிழை இரட்டைப் பதிவைக் குறைத்துக் காட்டும். அடுத்து வருவது கூட்டிக் காட்டும் பிழை.

தமிழர் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தன் பெயரும் தகப்பன் பெயரின் முதலெழுத்தும்தான். ஒரு தொகுதியில் முருகன் என்ற பெயரில் 200 ஆண்கள் இருப்பதாகவும், அவர்கள் வயது 25 முதல் 64 வரை சீராகப் பரவியிருப்பதாகவும் ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 200 பேரை இருவர் இருவராக இணைத்தால் 19,900 இணைகள். வயது 40 விதமாக இருக்க முடியும் என்பதால், பெயரும் வயதும் ஒத்துப்போகும் இணைகள் ஏறத்தாழ 500. ஒருவர்கூட இரண்டு இடத்தில் பதியவில்லை. ஆனாலும் 500 ‘சந்தேக இணைகள்’! வயதில் ஓராண்டு முன்பின் இருக்கலாம் என்று விதியைச் சற்றே தளர்த்தினால் அது 1,450ஐத் தாண்டிவிடும். தந்தை பெயரையும் சேர்த்துப் பொருத்தினால் குறையும், உண்மைதான். ஆனால் முருகனின் தகப்பன் பெயர் பழனியாகவோ சுப்பிரமணியாகவோ இருக்கும் வாய்ப்பு நம் ஊரில் கொஞ்சநஞ்சமல்லவே.

பெண்கள் விஷயத்தில் இதே விதி நேர்மாறாகப் பிசகுகிறது. பிறந்த ஊரில் தந்தை பெயருடன் பதிந்த செல்வி, திருமணத்துக்குப் பின் புகுந்த ஊரில் கணவர் பெயருடன் பதிகிறார். பழைய பதிவை நீக்க யாரும் விண்ணப்பிக்கவில்லை. உண்மையிலேயே இரட்டைப் பதிவு என்றால் இதுதான். பெரும்பாலும் எந்தத் தீய நோக்கமும் இல்லாமல் நேர்வது. ஆனால் பெயர், உறவினர் பெயர், வயது என்ற மூன்றையும் பொருத்தும் அறிக்கையில் இந்தச் செல்வி சிக்கவே மாட்டார். வேறு வேறு ஆட்களான முருகன்கள் சிக்குவார்கள். உறவினர் பெயரை விட்டுவிட்டுப் பொருத்தினாலோ, செல்வி அகப்படும் அதே வலையில் ஊரிலுள்ள செல்விகள் அனைவரும் விழுவார்கள். ஆகவே பிழையின் அளவு மட்டுமன்று, அது யார் மேல் விழுகிறது என்பதும் விதியைப் பொறுத்தது.

முழுப் பிறந்த தேதி கையில் இருந்தும் தடுமாறிய அனுபவம் அமெரிக்காவுடையது. அங்கே பல மாநிலங்கள் சேர்ந்து நடத்திய ‘கிராஸ்செக்’ திட்டம் முதற்பெயர், குடும்பப் பெயர், பிறந்த தேதி மூன்றையும் பொருத்தியது. சரத் கோயலும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, அத்திட்டம் பரிந்துரைத்த நீக்கமுறைகளில் ஒன்றைப் பின்பற்றினால், இரட்டை வாக்குக்குப் பயன்பட்ட ஒரு பதிவை நீக்கும்போது முறையான வாக்குக்குப் பயன்பட்ட ஏறத்தாழ 300 பதிவுகளும் சேர்ந்து போகும். ஃபுளோரிடாவில் 2000 தேர்தலுக்கு முன் குற்றவாளிகளை நீக்கத் தயாரித்த பட்டியலில் குடும்பப் பெயரின் எழுத்துகள் 80 விழுக்காடு ஒத்தாலே போதும் என்று விதி தளர்த்தப்பட்டது. அடி விழுந்தது கறுப்பின வாக்காளர்கள் மீது. பிறந்த தேதியே இல்லாமல் வயதை மட்டும் வைத்துக்கொண்டு நாம் எடுக்கும் அறிக்கைகளின் தரத்தை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

வெளியாட்களின் எக்செல் அறிக்கைகளை மட்டும் குறைசொன்னால் நியாயமாகாது. தேர்தல் ஆணையத்தின் ஈரோநெட் அமைப்பும் ‘ஒத்த விவரப் பதிவுகள்’, ‘ஒத்த படப் பதிவுகள்’ என்று பட்டியல் எடுத்துப் பதிவு அலுவலர்களிடம் தருகிறது. எந்த அளவு ஒப்புமைக்கு மேல் ஒரு பெயர் அதில் ஏறுகிறது என்பது வாக்காளருக்குத் தெரியும்படி அச்சிடப்படுவதில்லை. ஐயத்துக்கு இடமில்லை என்று நாம் நம்பும் அட்டை எண்ணும் முழு உத்தரவாதமன்று. வெவ்வேறு மாநிலங்களில் சிலருக்கு ஒரே எண் இருப்பதை ஆணையம் 2025 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. ஈரோநெட்டுக்கு முன் மாநிலங்கள் ஒரே எழுத்து வரிசையைப் பயன்படுத்தியதே காரணம் என்றது. அட்டை எண்ணை மட்டும் திறவுகோலாக வைத்து எடுத்த அறிக்கைகளில் அவர்கள் அனைவரும் ‘போலிகள்’ ஆகியிருப்பார்கள். விடுபட்ட பெயரின் விலை வாக்குச்சாவடியில்தான் தெரிகிறது: தெலங்கானாவில் 2018 சட்டமன்றத் தேர்தலன்று பட்டியலில் பெயரைக் காணாமல் திரும்பியவர்களுக்காக மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியே வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

எழுத்துவடிவில் பட்டியலைத் திறந்துவிட்டால் கட்சிகள் தெருவாரியாக மக்களை வகைபிரிக்கும் என்பது கனமான எதிர்வாதம். நான் அதைத் தள்ளிவிட மாட்டேன். பெயர்களை வைத்துச் சாதி, மதம் ஊகிப்பது மென்பொருளுக்குக் கடினமான வேலையன்று. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குப் பட்டியல் எப்படியும் இலவசமாகப் போகிறது. படத்தை எழுத்தாக மாற்ற ஆள் வைக்க அவற்றிடம் பணமும் இருக்கிறது. படவடிவம் தடுப்பது அவற்றையன்று. ஒரு மடிக்கணினியுடன் உட்கார்ந்திருக்கும் ஆய்வு மாணவரையும் உள்ளூர் அமைப்பையும்தான். பீகார் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், வரைவுப் பட்டியலில் இடம்பெறாத ஏறத்தாழ 65 லட்சம் பேரின் விவரத்தைக் காரணத்துடன், அட்டை எண்ணால் தேடும்படி வெளியிடுமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 14 அன்று இடைக்கால ஆணையிட்டது. முழுப் பட்டியலையும் திறக்காமலேயே, கேள்விக்குரிய பகுதியைத் தேடத்தக்கதாக்க முடியும் என்பதற்கு அதுவே முன்மாதிரி. மறைந்தார், இடம் மாறினார், இருமுறை பதிந்தார் என்று காரணம் எழுதப்பட்ட பிறகுதான் ‘இதோ இருக்கிறேன்’ என்று ஒருவர் எதிர்வாதம் செய்ய முடிகிறது.

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, வசிப்பிடம் மாறினார், தகுதியில்லை என்பன போன்ற காரணங்களால் ஒருவர் பெயரை நீக்குமுன் அவர் தரப்பைக் கேட்க வாய்ப்பளிக்கச் சொல்கிறது. மென்பொருள் எடுத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாக்குச்சாவடி நிலை அலுவலர் கதவைத் தட்டும்போது, உள்ளே இருப்பவருக்குத் தெரிய வேண்டியது இதுதான்: எந்த முருகனோடு என்னைப் பொருத்தினீர்கள், எதை வைத்துப் பொருத்தினீர்கள்? வாக்காளர் பட்டியலின் ஒவ்வொரு பாகத்திலும் முதல் பக்கத்தில் தகுதி நாளும் பாகத்தின் எல்லையும் அச்சாகின்றன. அதிலிருந்து பிறக்கும் அறிக்கையின் முதல் பக்கத்தில், அது ஆணையத்துடையதானாலும் கட்சியுடையதானாலும், எடுத்த நாள், பொருத்திய விவரங்கள், வயதில் விட்ட தளர்வு, நேரில் சரிபார்த்த பதிவுகளின் எண்ணிக்கை என நான்கு வரிகள் சேர்க்க ஒரு தாள்கூடக் கூடுதலாகச் செலவாகாது.