நோவாபான் பலகையும் ஐந்து மில்லி துளையும்

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பிச்சது. 2010-ல் ஒரகடத்துக்கு ரெனோ-நிசான் வந்தது. இந்தக் கதை உங்களுக்குத் தெரியும். அந்த வேலைகளை நம்பி எழுந்த அபார்ட்மென்ட்டுகளில் இருக்கிற மெலமைன் கிச்சன் அலமாரிக்கும் ஒரு வரலாறு இருக்கு. அதுல ஒரு கேள்வியை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கறேன்: சில வருஷத்துல கதவு ஏன் தொங்குது?

மெலமைனுக்கு அடியில இருக்கிறது பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. நம்ம கார்பெண்டர்கள் சிலர் அதை 'நோவாபான்'னு சொல்வாங்க. அது ஒரு பிராண்டு பெயர். சுவிட்சர்லாந்தில் ஃப்ரெட் ஃபார்னி 1940-களில் கொண்டுவந்த மூன்றடுக்குப் பலகையின் பெயர். ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் ஓர் ஆலையும் அதே பெயரில் இயங்கியது. ஃபார்னிக்கு முன்பே, 1930-களில், ஜெர்மனியின் மாக்ஸ் ஹிம்மெல்ஹேபர் வீணாகும் மரத்தைச் சில்லுகளாக்கி, பசையோடு அழுத்திப் பலகை ஆக்கும் வழியில் இறங்கியிருந்தார்.

தேக்குல நார் நீளமா ஓடும். அதனால ஒரு கட்டையில குழி வெட்டி, இன்னொண்ணோட முனையை நாக்கு மாதிரி சீவி உள்ளே இறக்கினா, தலைமுறைக்கும் நிற்கும். சில்லுப் பலகையில அந்த நாக்கு உதிர்ந்துடும். மெலமைன் மேல ஃபெவிகால் பிடிக்காது. விளிம்புல சாதாரண ஸ்க்ரூவை முடுக்கினா, ஆப்பு மாதிரி பலகையைப் பிளக்கும்.

அதனால புது இணைப்புகள் வந்தன. துளைக்குள் பசை பிடிக்கிற மாதிரி மர டோவல். 1950-களின் நடுவில் சுவிட்சர்லாந்தின் ஹெர்மன் ஸ்டைனர் உருவாக்கிய லமெல்லோ 'பிஸ்கட்', அதாவது பசையின் ஈரத்தில் உப்பி இறுகும் பீச் மரத்துண்டு. பிறகு ஜெர்மனியின் கான்ஃபர்மட் ஸ்க்ரூ: தடித்த தண்டு, அகலமான மரை, 5 மில்லி துளை போட்ட பிறகுதான் இறங்கும். கூடவே 32 மில்லி முறையும் வந்தது. 5 மில்லி துளைகள், 32 மில்லி இடைவெளி, முன்விளிம்பிலிருந்து 37 மில்லி. எந்தக் கதவும் எந்தப் பெட்டிக்கும் பொருந்தும். கார் பாகங்களுக்கான அதே தர்க்கம்.

என் வாதம் இதுதான். இந்தப் பலகையும் இந்த இணைப்பும் ஜோடியா வளர்ந்தவை. நம்ம ஊர்ல பல வீடுகளுக்குப் பலகை மட்டும்தான் வந்து சேர்ந்தது. தேக்குல பழகிய கைக்கு ஒரு ட்ரில்லையும் கருப்பு ஸ்க்ரூவையும் கொடுத்து, சதுர அடிக் கூலியில, மெஷின் செய்ய வேண்டிய துல்லியத்தைக் கேட்கிறோம். மூடாத விளிம்பு வழியா மழைக்கால ஈரம் புகுந்தா சில்லு உப்பும், ஸ்க்ரூவின் பிடி போயிடும். பழி கார்பெண்டர் மேல விழும்.

அடுத்த முறை கொட்டேஷன் வாங்கும்போது பலகை பிராண்டோட நிறுத்தாதீங்க. எந்த ஸ்க்ரூ, துளையை யார் எதில் போடுறாங்க, எல்லா விளிம்புக்கும் எட்ஜ் பேண்டிங் உண்டான்னு கேளுங்க. அந்த வேலைக்கான நேரத்துக்கும் காசு கொடுங்க.