மீகாவும் இரண்டு தலைநகரங்களும்

மீகா எருசலேம்வாசி அல்லர். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் யூதாவின் மேற்குத் தாழ்குன்றுகளில், மொரேசேத் என்ற சிற்றூரில் தோன்றியவர். வடக்கு ராஜ்யத்தின் குற்றம் எது என்று கேட்டு, சமாரியா என்கிறார், யூதாவுக்கு எருசலேம். அவருக்குத் தலைநகரமே குற்றத்தின் உருவம். வயல்களைப் பறிப்பவன், லஞ்சம் வாங்கும் நீதிபதி, கூலிக்குப் போதிக்கும் குரு எல்லோரும் அங்கே கூடுகிறார்கள். சீயோன் உழுநிலமாகும் என்றார்.

சமாரியா கி.மு. 722 வாக்கில் அசீரியரிடம் விழுந்தது. 27,290 பேரைக் கொண்டுபோனதாக இரண்டாம் சார்கோனின் கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. கி.மு. 701ல் சனகெரிப் வந்தபோது கதை திரும்பியது. மீகாவின் பிரதேசத்துக் கோட்டையான லாகீஸ் விழுந்தது. அந்தக் காட்சியை நினிவே அரண்மனைச் சுவரில் புடைப்பாகச் செதுக்கி வைத்தார்கள். எருசலேமோ கப்பம் கட்டித் தப்பியது. தலைநகரின் கடனை நாட்டுப்புறம் தீர்த்தது.

பொய்த்துப்போன வாக்கை யார் நினைவில் வைப்பார்கள்? வைத்திருந்தார்கள். சுமார் நூறாண்டுக்குப் பின், யோயாக்கீம் ஆட்சியில், ஆலயம் அழியும் என்ற எரேமியாவுக்கு மரணதண்டனை கேட்டது கூட்டம். நாட்டு மூப்பர்கள் எழுந்து மீகாவைச் சாட்சிக்கு அழைத்தார்கள்: எசேக்கியா அவரைக் கொல்லவில்லை, அஞ்சினான், ஆகவே தண்டனை விலகியது. எச்சரிக்கை பலிக்காததே அதன் வெற்றி என்பது அவர்கள் வாதம். எரேமியா பிழைத்தார்.

அதே செய்தியைச் சொன்ன உரியாவை எகிப்திலிருந்து பிடித்துவந்து அரசன் வெட்டினான். முன்னுதாரணம் எல்லோரையும் காப்பதில்லை. கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் ஆலயத்தை எரித்தார்கள். இம்முறை அஞ்சுவதற்கு ஓர் எசேக்கியா இல்லை.