துறை மாறலாமா, சார்?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் அழைத்தார். இயற்பியலில் பிஎச்.டி. முடித்துவிட்டார். உயிரியல் ஆய்வகம் ஒன்றில் போஸ்ட்டாக் சேர ஆசை. பல இடங்களுக்கு எழுதியும் பதில் இல்லை. "இத்தனை வருஷம் படிச்சதை விட்டுட்டா போறே?" என்று வீட்டில் கேட்கிறார்களாம். "துறை மாறலாமா, சார்?" என்றார். அன்று எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

பிஎச்.டி.க்குப் பிறகு ஆய்வு மட்டும் செய்ய உதவித்தொகை தரும் திட்டம் ஒன்றை 1919-இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் தொடங்கியது. பணம் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையுடையது. 1930-களில் அதே அறக்கட்டளையின் வாரன் வீவர், இயற்பியல்காரர்களை உயிரியல் பக்கம் இழுக்க முனைந்தார்.

அந்த அறக்கட்டளையின் உதவித்தொகையில் 1937-இல் கால்டெக் போனவர் மாக்ஸ் டெல்புரூக். பெர்லினில் லீசா மைட்னரிடம் உதவியாளராக இருந்த இயற்பியலாளர். முதலில் பழ ஈ ஆய்வைத் தொட்டார், பிடிபடவில்லை. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை ஆராய்ந்துகொண்டிருந்த எமரி எல்லிஸோடு சேர்ந்துகொண்டார். 1939-இல் உதவித்தொகை முடிந்தது, போரும் வந்துவிட்டது. பிறகு கிடைத்தது வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பாடம் நடத்தும் வேலை. அதைப் பார்த்துக்கொண்டே வைரஸ் ஆய்வைத் தொடர்ந்தார். 1969-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு.

அடுத்தவர் நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். 1976-இல் ஒஹையோவில் இயற்பியலில் பிஎச்.டி. பெற்றார். பிறகு, குடும்பஸ்தராகிவிட்ட நிலையில், சான் டியாகோவில் உயிரியல் மாணவராக மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். ரைபோசோமை நியூட்ரான் கொண்டு ஆராய்வது பற்றி சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் படித்த கட்டுரை ஒன்று நினைவிலிருந்தது. அதை எழுதிய யேல் பல்கலைக்கழகத்தாருக்குக் கடிதம் போட்டார். 1978-இல் அங்கே பீட்டர் மூரிடம் போஸ்ட்டாக் ஆனார்.

அதோடு கஷ்டம் தீரவில்லை. சுமார் 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார்; ஆசிரியர் வேலை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஓக் ரிட்ஜ், புரூக்ஹேவன் தேசிய ஆய்வகங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். 2009-இல் அதே ரைபோசோமுக்காக வேதியியல் நோபல் பரிசு.

இருவருக்கும் பழைய படிப்பு வீணாகவில்லை. புதிய இடத்தில் அதுதான் கையிலிருந்த கருவி.

ஆகவே தம்பி, ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பாதே. ஒருவருடைய கட்டுரையை ஊன்றிப் படி. அவருடைய எந்தச் சிக்கலுக்கு உன் கணக்கும் கருவியும் உதவும் என்று நாலு வரியில் எழுது. ஹியூமன் ஃபிரான்டியர் சயன்ஸ் புரோகிராம் என்ற அமைப்பு, இயற்பியல், கணிதம், பொறியியல் படித்து உயிரியலுக்கு வருபவர்களுக்கென்றே தனி உதவித்தொகை வைத்திருக்கிறது. அதையும் பார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன் இதே கேள்வியை ஒரு மாணவி கேட்டாள். "ஒரே பாதையில போம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆராய்ச்சியையே விட்டுவிட்டு வங்கி வேலைக்குப் போனாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் நான் சொன்னது தப்பு. இதைப் படித்தால், மன்னித்துவிடு அம்மா.

ஆய்வகங்களில் இருக்கும் நம் பிள்ளைகள் தம்பிக்கு வழி சொல்லுங்கள்.