கையால் வரைந்த வணிகச் சின்னத்தை எண்ணிமமாக்கல்

கையால் வரைந்த வணிகச் சின்னத்தை எண்ணிமமாக்கல் என்பது, தாளில் மையாலோ வண்ணத்தாலோ வரையப்பட்ட சின்னத்தை அதன் உருவ அடையாளம் மாறாமல், எந்த அளவிலும் அச்சிடத்தக்க கணினிக் கோப்பாக மாற்றும் பணியாகும். பழைய கைவரை லேபிள்கள் மிகுந்துள்ள சிவகாசி வட்டாரத்தில் இப்பணிக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

பின்னணி

பி. ஐய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அவர்கள் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலையும், பின்னர் வந்த பட்டாசுத் தொழிலையும் சார்ந்து அச்சுத்தொழில் வளர்ந்தது. இன்று அச்சங்குளம் முதலிய சிற்றூர்களிலும் பட்டாசு ஆலைகள் பரவியுள்ளன. எழுத்தறிவு குறைந்திருந்த காலத்தில் வாங்குவோர் சரக்கைப் படத்தைக் கொண்டே அறிந்தனர். அணில் மார்க், சேவல் மார்க் என்று கேட்டு வாங்கும் வழக்கம் இவ்வாறு உண்டானதே. கல்லச்சு, துத்தநாகத் தகடு ஆகியவற்றின் காலத்தில் ஒவ்வொரு நிறத்தையும் ஓவியர்கள் கையாலேயே பிரித்து வரைந்தனர். ஆகவே பழைய லேபிளில் ஒரு விலங்கின் வாலோ கண்ணோ கொண்டுள்ள வளைவு குறிப்பிட்ட ஓர் ஓவியரின் கைக்கு உரியது.

திசையன் வடிவம்

ஒரே சின்னம் தீப்பெட்டியின் முகப்பிலும், சரவெடியின் சுற்றுத்தாளிலும், அட்டைப்பெட்டியிலும், கடைப் பதாகையிலும் அச்சாக வேண்டும். புள்ளிகளால் ஆன படத்தைப் பெரிதாக்கினால் விளிம்புகள் சிதையும். வெக்டர் எனப்படும் திசையன் வரைகலையில் கோடுகள் கணிதச் சமன்பாடுகளாகச் சேமிக்கப்படுவதால் இச்சிக்கல் எழுவதில்லை. எனவே போட்டோஷாப், கிம்ப் போன்ற படத்திருத்த மென்பொருட்கள் வருடிய படத்தின் கறைகளை நீக்க உதவுமேயன்றி, இறுதிக் கோப்புக்கு ஏற்றவையல்ல.

மென்பொருள் தெரிவு

1989இல் வெளிவந்த கோரல்டிரா இந்திய அச்சகங்களில் பரவலாகப் பயன்படுகிறது. அச்சகம் கோரல்டிரா கோப்பையே கேட்குமானால் இதைத் தெரிவு செய்வது எளிது. எனினும் புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது. அச்சகத்திலுள்ள பதிப்பை முன்னரே கேட்டறிதல் வேண்டும். அடோபி நிறுவனத்தின் இல்லஸ்ட்ரேட்டர் 1987இல் வெளியானது. 2013 முதல் அதன் புதிய பதிப்புகள் சந்தா முறையில் வழங்கப்படுகின்றன. ஒரே ஒரு சின்னத்தை வரைய விரும்பும் சிறு நிறுவனத்துக்கு அது வீண் செலவே.

சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து 2003இல் பிரிந்து உருவான இங்க்ஸ்கேப், விலையின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள். வரைதிறனில் இது பெரிதும் பின்தங்கியதன்று. குறை நிறத்தில் உள்ளது. திரைக்குரிய சிவப்பு, பச்சை, நீல முறையையே இது நெடுங்காலமாக அடிப்படையாகக் கொண்டிருந்தது. அச்சுக்கோ நீலம், செம்மை, மஞ்சள், கருப்பு ஆகிய நான்கு மைகள் வேண்டும். ஸ்கிரைபஸ் என்ற மற்றொரு கட்டற்ற மென்பொருள் வழியாக நிறங்களை மாற்றிப் பிடிஎஃப் கோப்பாகத் தரலாம். ஒரு நிறச் சின்னத்துக்கு இக்குறை ஒரு பொருட்டன்று.

தானியங்கி வரைவும் கைவரைவும்

மேற்கூறிய மூன்று திசையன் மென்பொருட்களிலும் படத்தைத் தானாகக் கோடுகளாக்கும் வசதி உண்டு. இங்க்ஸ்கேப்பில் இதற்குப் பீட்டர் செலிங்கர் உருவாக்கிய போட்ரேஸ் பயன்படுகிறது. வெண்தாளில் கருமையால் தெளிவாக வரைந்த படத்துக்கு இது நன்கு பொருந்தும். பழைய லேபிளை அப்படியே கொடுத்தால் தாளின் சொரசொரப்பும் அச்சுப் புள்ளிகளும்கூட ஆயிரக்கணக்கான கணுக்களாக மாறிவிடும். அத்தகைய லேபிளை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் அளவில் வருடி, அடித்தளமாக வைத்து, அதன்மேல் வளைகோடுகளைக் கையால் இழுப்பதே தக்கது.

எழுத்துகளில் கூடுதல் கவனம் தேவை. பழைய லேபிள்களில் எழுத்துகளும் வரையப்பட்டவையே. தமிழ்நாடு அரசின் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட சின்னங்களில் லை, னை, ணா, றா முதலியன பழைய வடிவில் இருக்கும். இன்றைய எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் அவ்வடிவங்கள் இல்லை; அவற்றைத் தட்டச்சு செய்யாமல் உருவங்களாகவே வரைய வேண்டும். பிற எழுத்துகளைத் தட்டச்சு செய்திருந்தாலும் கோப்பை அனுப்புமுன் வளைகோடுகளாக மாற்றிவிட வேண்டும். இல்லையேல் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பெயர் சிதைந்து தோன்றும்.

சட்ட நிலை

2003இல் நடைமுறைக்கு வந்த 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 59ஆம் பிரிவு, பதிவு பெற்ற சின்னத்தின் அடையாளத்தைப் பெரிதும் பாதிக்காத மாற்றங்களை மட்டுமே பதிவாளர் அனுமதியுடன் செய்ய இடமளிக்கிறது. எண்ணிமமாக்குவோர் சின்னத்தை அழகுபடுத்த முனைந்து அணிலின் நிற்கும் பாங்கையே மாற்றிவிட்டால், அது புதிய சின்னமாகக் கருதப்பட்டுத் தனி விண்ணப்பம் தேவைப்படக்கூடும். போலிச் சரக்குக்கு எதிரான வழக்கிலும் பழைய பதிவின் வலு குறையலாம்.

பட்டாசு 13ஆம் வகுப்பிலும் தீக்குச்சி 34ஆம் வகுப்பிலும் பதிவு செய்யப்படும். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி விண்ணப்பப் படம் 8 செ.மீ. நீள அகலத்துக்கு மேற்படலாகாது. நிற வரையறையின்றிப் பதிவு செய்த சின்னம் எல்லா நிறங்களுக்கும் பதிவானதாகக் கொள்ளப்படும். ஆகையால் கருப்பு வெள்ளைக் கோப்பு ஒன்றையும் உடன் உருவாக்குதல் நன்று.

வெளி ஓவியர் வரைந்த சின்னத்தின் பதிப்புரிமை, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி எழுத்து மூலம் மாற்றித் தரப்படாவிடில், பொதுவாக அவரிடமே இருக்கும்.