கடல் எடுத்த கோயிலும் எங்க அடிபம்பும்

நான் பத்தாவது வரைதான் படிச்சவள். மலருக்கு ஊர் வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். எங்களுடையது தரங்கம்பாடி பக்கத்தில் ஒரு மீனவர் கிராமம். எங்க வரலாறு கடலோடுதான் ஆரம்பிக்கும்.

தரங்கம்பாடியின் பழைய பெயர் சடங்கன்பாடி. அங்கே கடலோரம் உள்ள மாசிலாமணிநாதர் கோயில் 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. 1620-ல் டேனிஷ்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கோட்டை கட்டினார்கள். 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இத்தனை ஆட்சி மாறியதற்குள் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலை அடிக்கிற இடத்தில் யாரும் கோயில் கட்டமாட்டாங்க. கட்டும்போது கரை எவ்வளவு தள்ளி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்க.

2004 டிசம்பர் 26 சுனாமி வந்தப்ப எனக்குப் பதினாறு வயசு. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அது கடலுக்கடியில் வந்த பூகம்பத்தால் எழுந்த அலை. வந்ததை எல்லாரும் பார்த்தோம். இப்ப கடல் சத்தமில்லாமல் ஏறுது.

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கு. பூமி சூடாவதால் பனிமலை உருகிக் கடலில் சேருது. சூட்டில் கடல்நீரும் விரியுது; விளிம்பு வரை தண்ணீர் ஊத்தின பாத்திரத்தைச் சுடவைத்தால் வழியுமே, அந்த மாதிரி. ஒரு சாண் அளவுதானே என்று விடமுடியாது. நம்முடையது தாழ்வான கரை. போதாததற்கு, காவிரி கொண்டுவந்து சேர்த்த மணலும் அணைகளில் தங்கிவிடுவதால் கரைக்கு வருவது குறைஞ்சுபோச்சு.

என் மாமியார் கல்யாணமாகி வந்தப்ப வாசல் அடிபம்பில் நல்ல தண்ணி வந்ததாம். நான் வந்தப்ப பருப்பு வேகாது. இப்ப பாத்திரம் கழுவத்தான் ஆகும். நிலத்தடி நீரை அதிகமா இறைச்சாலும் உப்பு ஏறும் என்கிறார்கள். நாமும் அதை யோசிக்கணும். குடிக்கிற தண்ணிக்கு இரண்டு தெரு தள்ளிப் போறேன். கூடவே என் மகளும் குடம் தூக்குறா.

சுனாமிக்குப் பிறகு சிலருக்குக் கரையை விட்டுத் தள்ளி வீடு கிடைச்சது. ஆனால் படகும் வலையும் மீன் விக்கிற இடமும் கரையில்தானே இருக்கு? "இனியும் போகச் சொன்னா எங்கேடி போறது?" என்று மாமியார் கேட்டாங்க. என்னிடம் பதில் இல்லை.

ஆனால் ஒன்று செய்யலாம். போன மாதக் கூட்டத்தில் எங்க குழு தீர்மானப் புத்தகத்தில் இரண்டு பக்கம் ஒதுக்கினோம். ஐப்பசி, கார்த்திகையில் அலை எந்த வீடு வரை வந்தது, எந்த பம்பு உப்பானது என்று தேதி போட்டு எழுதுறோம். கடனும் சேமிப்பும் பைசா பிசகாமல் எழுதுற நமக்கு இது கஷ்டமில்லை. அந்தக் கோயில் முன்னாடி கரை எப்ப எப்ப கரைஞ்சது என்று யாராவது எழுதி வைத்திருந்தால் இன்று எவ்வளவு உதவியா இருக்கும்! நாளைக்கு மனு கொடுக்கப் போகும்போது நம்ம கையில் கணக்கு இருக்கணும். கடலோரக் குழுக்கள் எல்லாரும் இதை எழுதி வையுங்க.