திண்டுக்கல்லின் பெயர் பெற்றோர்

திண்டுக்கல், சிறுமலைக்கும் பழனி மலைக்கும் இடைப்பட்ட சமவெளியில், ஒற்றைப் பாறைக்குன்றை ஒட்டி வளர்ந்த மாவட்டத் தலைநகர். இவ்வூரோடு சேர்த்து நினைக்கப்படுவோரில் கணிசமானவர்கள் இங்கே பிறந்தவர்கள் அல்லர். படையோடு வந்தவர்கள், அடைக்கலம் தேடி வந்தவர்கள், தேர்தலில் நிற்க வந்தவர்கள் என்று பட்டியல் நீளும். சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிறந்தவர்களோ பெரும்பாலும் வெளியூர் போய்த்தான் பேர் வாங்கினார்கள்.

பாறையின் மேல் கோட்டை எழுந்தது 1605-இல், மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் காலத்தில். திருமலை நாயக்கர் அதை வலுப்படுத்தினார். பாறையில் வெட்டிய படிகளை ராணி மங்கம்மாளின் கொடையாகச் சொல்வது ஊர் வழக்கு. ஆனால் கோட்டைக்கு அகில இந்தியப் பெயர் வாங்கித் தந்தவர் மைசூர்ப் படைத்தலைவராக இருந்த ஹைதர் அலி. பாளையக்காரர்களை அடக்கி வரி வசூலிக்க 1755-இல் அவரைத் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக (படை ஆளுநராக) அனுப்பினார்கள். கட்டிய வரியைக் கணக்கில் ஏற்றவும், பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு பீரங்கிப் படைக்கலச் சாலை அமைக்கவும், சொந்தமாக ஆள்பலம் சேர்க்கவும் அவர் பழகியது இங்கேதான். பின்னாளில் மைசூர் அரசையே கைக்குள் கொண்டுவந்தவருக்குத் திண்டுக்கல்தான் முதல் பள்ளிக்கூடம். நகரின் பேகம்பூர்ப் பகுதியும் அதன் பெரிய பள்ளிவாசலும் அவருடைய தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலத்தால் அறியப்படுகின்றன.

1772-இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார், இந்தப் பகுதிக்குத்தான் வந்து சேர்ந்தார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் விருப்பாட்சிப் பாளையத்திலும் திண்டுக்கல்லிலும் தங்கி, ஹைதரின் உதவியைப் பெற்று, 1780-இல் சிவகங்கையை மீட்டார். நேரில் சந்தித்தபோது அவர் உருதுவில் பேசியது ஹைதரை வியக்க வைத்தது என்று சொல்வார்கள். நாச்சியாருக்கு இடம் கொடுத்த விருப்பாட்சி கோபால் நாயக்கரின் கதை அவ்வளவாகப் பேசப்படாதது குறைதான். அண்டைப் பாளையங்களைச் சேர்த்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகத் திண்டுக்கல் கூட்டமைப்பை உருவாக்கியவர் அவர். 1800 ஜூனில் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கும் திட்டம் முறிந்தது, பிடிபட்டவர்கள் தூக்கிலேற்றப்பட்டார்கள். அடுத்த ஆண்டு அவரும் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். நகரிலுள்ள கோபாலசமுத்திரம் குளத்தை அந்தச் சம்பவத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அதற்கு முன்பே, மைசூரோடு செய்த 1792 உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை கம்பெனிக்குப் போயிருந்தது.

அடுத்த நூற்றாண்டில் பேர் சொல்லும் ஆட்களைத் தந்தது நகரமல்ல, தென்மேற்கே கொடைக்கானல் மலையடிவாரத்திலுள்ள வத்தலக்குண்டு. தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்றான 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர். ராஜமய்யர் 1872-இல் அங்கே பிறந்தார். 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்த அந்த நாவலின் முற்பகுதியில் அக்கிரகாரத்து வம்பும் வாய்ச்சண்டையும் அப்படியே காதில் விழும். பிற்பகுதி வேதாந்தத்துக்குள் போய்விடுகிறது. படிப்பவர்கள் முற்பகுதியைத்தான் கொண்டாடுகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. 1896-இல் சென்னையில் தொடங்கிய 'பிரபுத்த பாரத' ஆங்கில இதழுக்கு அவர்தான் முதல் ஆசிரியர். 1898-இல், 26 வயதில் மறைந்தார்.

விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா (1884–1925) பிறந்ததும் வத்தலக்குண்டில்தான். அவருடைய மேடை தூத்துக்குடி. 1908-இல் வ.உ.சி.யோடு கைதாகிச் சிறை சென்றவர், 1912-இல் தொழுநோயோடு வெளியே வந்தார். 'ஞானபானு' இதழை நடத்தினார். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறத் தடை விதித்தபோது கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். உயிர் பிரிந்தது தருமபுரிப் பக்கத்துப் பாப்பாரப்பட்டியில்.

அதே ஊரிலிருந்து இன்னும் இருவர். பி.எஸ். ராமையா (1905–1983) 1935-இல் 'மணிக்கொடி'யைச் சிறுகதை இதழாக மாற்றிப் புதுமைப்பித்தன் தலைமுறைக்குக் களம் கொடுத்தார். 'மணிக்கொடி காலம்' நூலுக்கு சாகித்திய அகாதெமி விருது வந்தது. சி.சு. செல்லப்பா (1912–1998) சின்னமனூரில் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்தவர். 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிப் புதுக்கவிதைக்கும் விமரிசனத்துக்கும் தமிழில் இடம் பிடித்துக் கொடுத்தார். கைக்காசு போட்டுப் புத்தகம் அச்சடித்து, மூட்டையாகத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்ற மனிதர். அவருடைய 'வாடிவாசல்' குறுநாவலில் மாடு அணையும் ஆளின் மூச்சும் காளையின் திமிலும் அத்தனை கிட்டத்தில் தெரியும். ஒரு சிற்றூருக்கு இந்த நான்கு பேர் போதும்.

பக்கத்துப் பட்டிவீரன்பட்டி தந்தவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் (1893–1953). நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிபோகும் என்று உத்தரவிட்டார். சென்னை பாண்டி பஜாரில் துணி எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பாண்டி இவர்தான் என்று தெரியுமோ!

வெளியிலிருந்து வந்து வேர்விட்டவர்களில் முதன்மையானவர் டாக்டர் டி.எஸ். சௌந்தரம் (1904–1984). டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் அய்யங்காரின் மகள். சிறு வயதில் மணமாகிக் கணவரை இழந்தவர், அதன் பிறகு டில்லியில் மருத்துவம் படித்தார். 1940-இல் காந்தியின் ஆசியோடு, கேரளத்தைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-இல் சின்னாளபட்டியில் இரண்டு கட்டில்களோடு ஒரு மருத்துவமனை தொடங்கினார். கஸ்தூரிபா மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்தது. சுங்குடிச் சேலை நெய்யும் அந்த ஊரை ஒட்டிக் கணவனும் மனைவியுமாக எழுப்பிய காந்திகிராமத்தில் 1956-இல் கிராமிய நிறுவனம் வந்தது, 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. 1952-இல் ஆத்தூர் தொகுதியிலும் 1957-இல் வேடசந்தூர் தொகுதியிலும் வென்ற சௌந்தரம், 1962-இல் திண்டுக்கல் மக்களவை உறுப்பினராகி மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார்.

காந்திகிராமத்தைச் சுற்றி வேறு சிலரும் சேர்ந்தார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் பிறந்து மதுரை மிஷனுக்கு வந்த ரால்ப் ரிச்சர்ட் கெய்தான், காந்தியோடு சேர்ந்த குற்றத்துக்காக ஆங்கில அரசால் 1930-லும் 1944-லும் நாடு கடத்தப்பட்டவர். விடுதலைக்குப் பின் இந்தப் பக்கமே திரும்பி வந்து கிராமப் பணியில் இறங்கினார். அய்யன்கோட்டையில் 1926-இல் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள், சௌந்தரம் அம்மையாரின் அரவணைப்பில் படித்தவர். சுதந்திரம் கிடைத்த நாட்டில்தான் கல்யாணம் என்றிருந்த சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதனை 1950-இல் மணந்தார். பூதான (நிலக்கொடை) இயக்கத்தில் தொடங்கிய வேலை, 1968 கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு தஞ்சைப் பக்கம் திரும்பியது. 1981-இல் தொடங்கிய 'லாப்டி' அமைப்பின் மூலம் நிலமற்றவர்களின் பெயரில், அதிலும் பெண்களின் பெயரில், நிலத்தை எழுதி வைத்தார்கள். 2008-இல் இருவருக்கும் ஸ்டாக்ஹோமின் வாழ்வுரிமை விருது கிடைத்தது.

1973 மே மாத மக்களவை இடைத்தேர்தல் திண்டுக்கல்லை மறுபடி நாடறிய வைத்தது. தி.மு.க. உறுப்பினர் ராஜாங்கம் மறைந்ததால் வந்த தேர்தல் அது. எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அதன் வேட்பாளர் மாயத்தேவர் உசிலம்பட்டிப் பக்கத்து வழக்கறிஞர்; சின்னப் பட்டியலிலிருந்து இரட்டை இலையைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். அவர் வென்றார், ஸ்தாபன காங்கிரஸ் இரண்டாம் இடம், ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடம். அதே மாயத்தேவர் 1980-இல் தி.மு.க.வின் உதயசூரியனில் நின்று அதே தொகுதியில் வென்றதை இரு கட்சிக்காரர்களுமே அதிகம் பேசுவதில்லை.

ஊர்ப்பெயரைத் தூக்கிச் சுமந்தவர்கள் தொழில்காரர்கள். 1957-இல் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல் தொடங்கிய நாகசாமி நாயுடு எப்போதும் தலையில் தலைப்பாகை கட்டியிருப்பார். வாடிக்கையாளர்கள் கடையின் பெயரை விட்டுவிட்டு ஆளின் அடையாளத்தைச் சொல்லப் போய்த் தலப்பாக்கட்டி பிரியாணி ஆயிற்று. சீரகச் சம்பா அரிசியும் இளசான ஆட்டுக்கறியும் அதன் அடிப்படை. பூட்டுத் தொழிலில் நிலைமை வேறு: மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு என்று அரத்தால் ராவிச் செய்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது ஊரின் பெயருக்கு.

பட்டிமன்ற மேடையில் திண்டுக்கல் ஐ. லியோனி. பள்ளி ஆசிரியராக இருந்து, பழைய சினிமாப் பாட்டைப் பாடிக் காட்டியே வாதம் செய்யும் பாணியைப் பிரபலமாக்கியவர். 2021-இல் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தலைவரானார்.